குருதிச் சுற்றோட்டக் கொள்கையின் வரலாறு

நெஞ்சப்பையின் அமைப்பினையும் தொழிலினையும் மக்கள் உணர்ந்த வரலாறு, கண்ணெதிரே உள்ள பொருளையும் நூல்வழக்கு மறைத்துவிடும் என்பதற்குத் தக்கதொரு சான்றாகும். குருதிச் சுற்றினைக் கண்டறிந்தவர் வில்லியம் ஹார்வி என்பது பொதுவழக்கு. அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலென், குருதி உணவினின்று கல்லீரலில் ஓயாது தோன்றி, சிரைகளின் வழியே உறுப்புகளை அடைந்து, ஆங்கே செலவாகிவிடும் என்று கருதினார். நெஞ்சப்பையின் கீழறைகள் இரண்டினையும் பிரிக்கும் சுவரில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் உள என்றும், அவற்றின் வழியே வலவறைக் குருதியின் ஒரு பகுதி இடவறைக்குக் கசியும் என்றும் கொண்டார். இக்கொள்கை ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக நிலைபெற்றிருந்தது.

இதனை மறுத்தோருள் இன்று அறியப்பட்டவரை முற்பட்டவர் இப்னு அல்-நஃபீசு ஆவர். டமாஸ்கசில் கற்றுக் கெய்ரோவில் பணியாற்றிய அவர், இப்னு சீனாவின் நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு 1242-இல் உரை வகுத்தார். அச்சுவர் தடித்தது, துளையற்றது என்றும், குருதி நுரையீரலுக்குச் சென்று காற்றொடு கலந்த பின்னரே இடப்புறம் சேரும் என்றும் அவ்வுரையில் தெளிவுறுத்தினார். அவ்வுரையின் சிறப்பு 1924-இல் பெர்லின் சுவடி ஒன்றின் வாயிலாகவே இக்கால ஆய்வுலகிற்குப் புலனாயிற்று. ஐரோப்பாவில் செர்வீட்டசு 1553-இலும், கொலம்போ 1559-இலும் இதனையொத்த கருத்தினை வெளியிட்டனர். அவர்கள் அரபு உரையை அறிந்திருந்தனரோ என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை.

எனினும், இவர்கள் கூறியது நுரையீரற் சுற்று மட்டுமே. உடல் முழுவதும் ஓடிய குருதி மீளவும் நெஞ்சப்பையை அடையும் என நிறுவியவர் ஹார்வியே. பதுவா நகரில் அவர்தம் ஆசிரியர் பப்ரீசியசு சிரைகளிலுள்ள வால்வுகளை விளக்கினார். ஆயின் அவை குருதியின் விரைவைத் தணிப்பன என்றே எண்ணினார். அவை குருதியை நெஞ்சப்பையை நோக்கி மட்டுமே விடுவன என ஹார்வி கண்டார்.

1628-இல் வெளிவந்த அவர் நூலின் உயிர்நிலை ஓர் எளிய கணக்காகும். ஒரு துடிப்பிற்கு அரை அவுன்சு குருதி வெளியேறுவதாகவும், அரைமணியில் நெஞ்சப்பை ஆயிரம் முறை துடிப்பதாகவும் கொள்வோமாயின், வெளியேறுவது 500 அவுன்சு ஆகும். இஃது உடலிலுள்ள குருதி முழுவதினும் மிகுதி. உண்ணும் உணவு இத்துணைக் குருதியை அரைமணியில் தருதல் இயலாது. ஆதலின் அதே குருதியே சுற்றி வருதல் வேண்டும். தமனியும் சிரையும் கூடும் வழியை மட்டும் அவரால் காட்ட இயலவில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1661-இல் மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்குழல்களை நுண்ணோக்கியால் கண்டு அக்குறையை நிறைவித்தார்.

ஆகவே, நுரையீரற் சுற்றினை முதலில் உரைத்த பெருமை இப்னு அல்-நஃபீசுக்கும், முழுச் சுற்றினை நிறுவிய பெருமை ஹார்விக்கும் உரியன எனப் பகுத்துரைத்தலே முறையாகும். முன்னவர் சுவரை உள்ளவாறு உரைத்தார். பின்னவர் அளந்து காட்டினார். நூல்வழக்கினும் காட்சியும் அளவையும் வலியன என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் முடிபு.