சட்டாம்பிள்ளையும் பிரெஞ்சு வகுப்பும்

இயற்பியல் ஆய்வகத்தில் நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. வெர்னியர் அளவுகோலைப் படிக்கும் முறையைக் கரும்பலகையில் இருமுறை விளக்கியிருப்பேன். அப்போது தலையசைத்த மாணவர், மேசைக்குப் போனதும் திகைத்து நிற்பார். பக்கத்து மேசை மாணவர் வந்து, "முதலில் சுழி எங்கே நிற்கிறது, பார். அப்புறம் எந்தக் கோடு எதனோடு நேராகச் சேர்கிறது என்று தேடு" என்பார். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அரை மணி நேரம் பேசிய எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கும்.

என்னால் ஆகாதது அவரால் எப்படி ஆயிற்று? இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் முக்கியமான தொடக்கம் ஒன்று நம் சென்னையிலேயே இருக்கிறது.

எழும்பூரில் ஒரு சோதனை

ஸ்காட்லாந்தில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்பவர் 1789இல் எழும்பூரில் இருந்த படைவீரர் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்ய விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர் அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, சிறிய பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்தார். வேலை நன்றாகவே நடந்தது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்து வந்த தொண்டு, இப்போது ஒரு கல்வி முறையாகவே வகுக்கப்பட்டது. இங்கிலாந்துக்குத் திரும்பிய பெல், 1797இல் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயர் ஐரோப்பாவில் பரவியது. இலண்டனில் ஜோசப் லங்காஸ்டரும் 1798 முதல் இதையொத்த முறையில் பள்ளி நடத்தினார்.

1815இல் இது பிரான்சுக்குப் போயிற்று. அங்கே இதற்குப் 'பரஸ்பரக் கல்வி' என்னும் பொருளில் பெயரிட்டார்கள். ஆனால் சில பத்தாண்டுகளில் இதன் செல்வாக்குத் தேய்ந்தது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஓர் ஆசிரியரின் ஊதியத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்ற சிக்கனமே பலரைக் கவர்ந்தது. சட்டாம்பிள்ளை தனக்குத் தெரிந்ததை ஒப்பிப்பான். மற்றவர்கள் திருப்பி ஒப்பிப்பார்கள். "ஏன்?" என்று கேட்டால் அவனுக்கும் விடை தெரியாது. ஆசிரியருக்குப் பதிலாகச் சட்டாம்பிள்ளையை வைத்ததே இந்த முறையின் குறையாயிற்று.

தெரியாத மொழியில் ஒரு பேராசிரியர்

பிரான்சில் திழோன் நகரில் 1770இல் பிறந்த ஜோசப் ஜாக்கோதோ, அரசியல் மாற்றத்தால் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 1818இல் லூவென் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் கற்பிக்கும் பணியில் அமர்ந்தார். அந்நகர் இன்று பெல்ஜியத்தில் இருக்கிறது. அவருடைய மாணவர் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருக்கோ அவர்கள் பேசிய டச்சு மொழி தெரியாது!

ஃபெனெலோன் எழுதிய 'தெலெமாக்' என்னும் நூல் இரு மொழிகளிலும் ஒன்றாக அச்சாகிக் கிடைத்தது. மொழிபெயர்ப்பின் துணையோடு பிரெஞ்சுப் பகுதியைக் கற்கும்படி மொழிபெயர்ப்பாளர் மூலம் மாணவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு, படித்ததைப் பற்றிப் பிரெஞ்சிலேயே எழுதச் சொன்னார். பிழைகள் மலியும் என்றே எதிர்பார்த்தார். மாணவர்கள் எழுதியது அவரை வியக்க வைத்தது. இலக்கண விளக்கம் ஒன்றையும் அவர் தந்திருக்கவில்லை. விளக்கம் இல்லாமலும் கற்றல் நிகழ முடியும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். தம் கருத்துகளை 1823இல் நூலாகவும் வெளியிட்டார்.

ஆனால் எழுதுவது வேறு, பேசுவது வேறு. பிரெஞ்சில் 'லே' என்பது பன்மையைக் காட்டும் ஒரு சிறு சொல். அதன் கடைசியில் ஸகர எழுத்து உண்டு, ஆனால் ஒலிக்காது. 'அமி' என்றால் நண்பர். இரண்டும் சேர்ந்தால், உறங்கிக் கிடந்த ஒலி விழித்துக்கொண்டு 'லேஸமி' ஆகிவிடும். நம் புணர்ச்சி விதிகள் நினைவுக்கு வருகின்றன அல்லவா? பிறந்தது முதல் அம்மொழி பேசியவருக்கு இதில் ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது. சென்ற ஆண்டு இதில் தடுக்கி விழுந்த மாணவருக்கு அந்த இடம் நன்றாக நினைவிருக்கும்.

ஒரு சிறு கணக்கு

முப்பது பேர் உள்ள வகுப்பில் பேச்சுப் பயிற்சிக்கு 30 நிமிடம் ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவராகப் பேசினால் தலைக்கு 1 நிமிடம் கிடைக்கும். பத்துப் பேர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரித்தால் 3 நிமிடம். இருவர் இருவராகப் பேசினால் 15 நிமிடம்! நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியாது, மொழியும் அப்படித்தான்.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 1965இல் சேர்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ஜான் ராசியஸ் இதை நன்கு உணர்ந்தவர். பீஸ் கோர் தொண்டர்களுக்குப் பிரெஞ்சு கற்பித்த அனுபவத்தைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தார். அவர் வகுத்த முறையில் பேராசிரியர் பாடத்தை நடத்துவார். பிறகு மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து பயிற்சிக்குப் போவார்கள். அங்கே பயிற்சி தருபவர், அதே கல்லூரியில் மொழியை முன்னரே கற்றுத் தேர்ந்த மாணவர். அவர் ஒருவரைப் பார்த்தபடியே விரலைச் சொடுக்கி வேறொருவரைச் சுட்டுவார். யார் முறை எப்போது வரும் என்று தெரியாததால் எல்லாரும் விழிப்பாக இருப்பார்கள். தயங்கவோ வெட்கப்படவோ நேரம் இராது.

எழும்பூர் முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இங்கே மாணவப் பயிற்றுநர் ஆசிரியரின் இடத்தைப் பிடிப்பதில்லை. அவர் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றவர். பேராசிரியர் கற்பித்ததையே நாவில் பழக்குகிறார். பழகும் இருவரும் ஒரே பிழையைச் செய்தால் அது உறுதிப்பட்டுவிடும் அல்லவா? அதைக் கண்டு திருத்த ஆசிரியர் வேண்டும்.

என் துறையிலும்

1991இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசூர், விரிவுரையை இடையில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கும் முறையைத் தொடங்கினார். மாணவர்கள் முதலில் தனித்தனியே விடையளிப்பார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் தம் விடைக்குக் காரணம் சொல்லி வாதாடுவார்கள், மறுபடியும் விடையளிப்பார்கள். பெல்லின் பள்ளியில் விடுபட்ட "ஏன்?" இங்கே நடுவில் வந்து அமர்ந்துகொண்டது.

ஆய்வகத்தில் எனக்கு ஏற்பட்ட வெட்கம் இப்போது இல்லை. அந்த மாணவர் சென்ற வாரம்தான் அதே கோட்டில் தடுமாறினார். வழி அவருக்கு நினைவிருக்கிறது. எனக்கு அது மறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள் பேசும்போது நான் பக்கத்தில் நின்று கேட்கிறேன்; பிழை வந்தால் மட்டும் குறுக்கிடுகிறேன்.

மாணவ நண்பர்களே, பிரெஞ்சோ ஆங்கிலமோ, பேசத் தயங்கும் மொழி எதுவானாலும், மாலையில் ஒரு நண்பரோடு கால் மணி நேரம் பேசிப் பாருங்கள். சந்தேகம் வரும் இடங்களைக் குறித்து வைத்து, மறுநாள் ஆசிரியரிடம் கேளுங்கள். சொல்லிக் கொடுப்பவருக்கே பாடம் இன்னும் நன்றாகத் தெளியும் என்பதையும் அப்போது காண்பீர்கள்.