ஏர் கூலர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு குட்டி வரலாறு

திருவண்ணாமலையில வெயில் ஏறினதும் ஓபியில வர்ற கேள்வி: "டாக்டர், ஏர் கூலர் வாங்கலாமா?" வாங்கலாம். கொஞ்சம் கதை கேட்டுட்டு வாங்குங்க.

ஏசி வராத காலத்தில் ஜன்னலில் வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். வெள்ளைக்கார துரைகள் வீட்டில் அதோடு கையால் சுற்றும் விசிறிப் பெட்டியும் சேர்ந்தது; பெயர் தெர்மாண்டிடோட். இன்றைய கூலரின் தாத்தா. (சுத்துறவருக்குக் காத்து வராது, அது வேற கதை.)

சூத்திரம் நம்ம மண்பானையோடதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஆனா காற்று காய்ந்திருக்கணும். அதனால்தான் சென்னையில் கசகசக்கிற அதே கூலர் இங்கே சித்திரையில் வேலை செய்யுது. ஜன்னலைத் திறந்தே வைங்க, மூடினா புழுக்கம்தான்.

1976-ல் ஃபிலடெல்ஃபியா ஓட்டல் ஒன்றில் முன்னாள் ராணுவத்தினர் மாநாடு. வந்தவர்களில் 29 பேர் நிமோனியாவில் இறந்தார்கள். காரணம் தெரிய ஆறு மாசம் ஆச்சு: லெஜியோனெல்லா பாக்டீரியா. குளிரூட்டும் அமைப்பின் தண்ணீரில் வளர்ந்து, நுண்துளியாகக் காற்றில் பரவியது என்று கருதப்படுகிறது.

நம்ம ஊர்ல எனக்கு அதைவிடப் பயம் டெங்கு. கூலர் தொட்டி ஏடிஸ் கொசுவுக்குப் பிரசவ வார்டு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, தொட்டிச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்க. ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மொட்டைமாடியில போட்டுவச்ச பழைய கூலரையும் இன்னைக்கே ஒரு எட்டு போய்ப் பாருங்க.