வேலூர் குடல்நோய் ஆய்வகமும் 'இயல்பான குடல்' என்ற கேள்வியும்

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வெல்கம் ஆய்வுப் பிரிவு, தென்னிந்தியாவில் குடல்நோய் ஆராய்ச்சிக்கு அடித்தளமிட்ட ஆய்வகங்களுள் ஒன்றாகும். இலண்டனின் வெல்கம் அறக்கட்டளை நிதியுதவியுடன் இயங்கிய இப்பிரிவை செல்வின் பேக்கர் வழிநடத்தினார். குடல்நோய் மருத்துவர் வி. ஐ. மாத்தன், எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வில் வல்லவரான மின்னி மாத்தன் ஆகியோர் இப்பிரிவின் முதன்மை ஆய்வாளர்களுள் அடங்குவர்.

இவர்களது முதன்மை ஆய்வுப்பொருள் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் நோய். நீங்காத வயிற்றுப்போக்கு, நாக்குப்புண், இரத்தசோகை, உடல் மெலிவு ஆகியவை இதன் அறிகுறிகள். உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் வெளியேறிவிடும். 1880-இல் பாட்ரிக் மான்சன் இந்நோயின் டச்சுப் பெயரை ஆங்கில மருத்துவ நூல்களுக்குக் கொண்டுவந்தார். வெப்பநாடுகளில் வாழ வந்த ஐரோப்பியரைத் தாக்கும் நோய் என்றே நெடுங்காலம் இது கருதப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்டப் பகுதிக் கிராமங்களில் இது கொள்ளைநோயாகவே பரவியதை வேலூர்க் குழுவினர் பதிவு செய்தபோது அந்தக் கருத்து நிலைகுலைந்தது.

நோயுற்ற குடல் எப்படியிருக்கும் என்று பார்ப்பதே அக்காலத்தில் பெரும் சிக்கலாக இருந்தது. இறந்த சில மணி நேரத்திலேயே குடலின் உட்சவ்வு தானாகவே சிதைந்துவிடும் என்பதால் பிணப்பரிசோதனையை நம்ப முடியவில்லை. 1957-இல் அமெரிக்காவில் வில்லியம் கிராஸ்பியும் அவருடைய சக ஆய்வாளரும் உருவாக்கிய கிராஸ்பி குளிகை இதற்கு வழி திறந்தது. மெல்லிய குழாயின் முனையில் பொருத்திய சிறு உலோகக் குளிகையை நோயாளி விழுங்குவார். அது சிறுகுடலை அடைந்ததை எக்ஸ்ரே திரையில் உறுதி செய்தபின், குழாய் வழியே காற்றை உறிஞ்சுவர். குளிகையின் பக்கத் துளைக்குள் குடற்சவ்வு இழுக்கப்பட, உள்ளிருக்கும் சுருள்வில் கத்தி சுழன்று சிறு துணுக்கை வெட்டிக்கொள்ளும்.

கிடைப்பது ஒரு சிறு துணுக்கு மட்டுமே. அதையே பலரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். குடலுறிஞ்சிகளின் வடிவத்தைக் காண முதலில் அது குறைந்த உருப்பெருக்க நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படும். பின்னர் மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நோயியல் ஆய்வு நடக்கும். உயிரணுவின் உள்ளமைப்பைக் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி உதவும். அதே மனிதரின் மலம் நுண்ணுயிரியல் ஆய்வுக்கும், சிறுநீர் சைலோஸ் சர்க்கரை உறிஞ்சப்பட்ட அளவை அறியவும், இரத்தம் வைட்டமின் பி12 அளவை அறியவும் செல்லும். இவற்றுள் ஒரு சோதனை மட்டும் நோயை உறுதிசெய்யப் போதாது.

இந்த ஆய்வகத்தின் மிக முக்கியமான முடிவு, நோயாளிகளை மட்டும் ஆராய்ந்திருந்தால் கிடைத்திருக்காது. நலமாக இருந்தவர்களின் குடலும் ஆராயப்பட்டது. நோயில்லாத ஒருவரைக் குளிகை விழுங்கச் சம்மதிக்க வைப்பது எளிய காரியமன்று. மேலைநாட்டுப் பாடநூல்கள் குடலுறிஞ்சிகள் விரல் வடிவில் இருக்கும் என்றன. தென்னிந்தியரிடமோ அவை பெரும்பாலும் இலை போலவும் மேடு போலவும் அகன்று தட்டையாக இருந்தன. பாடநூலை அளவுகோலாகக் கொண்டிருந்தால், நலமாக இருந்த பலரும் ஸ்ப்ரூ நோயாளிகளாகப் பதிவாகியிருப்பர். பிறக்கும்போது விரல் வடிவிலேயே இருக்கும் குடலுறிஞ்சிகள் பின்னரே மாறுகின்றன. ஆகவே இது பிறவிக் கூறு அன்று, சுற்றுச்சூழலின் விளைவு என்று கருதப்படுகிறது. இந்நிலையை வெப்பமண்டலக் குடல் மாற்றம் என்று பிரித்துக்காட்டி, பேக்கரும் மாத்தனும் 1972-இல் விரிவான கட்டுரை வெளியிட்டனர். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இன்றும் ஆராயப்படுகிறது.

ஸ்ப்ரூவுக்காகப் பயன்பட்ட எலக்ட்ரான் நுண்ணோக்கி விரைவில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஆய்விலும் கைகொடுத்தது. 1973-இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர், வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் குடல் துணுக்குகளில் பின்னாளில் ரோட்டா வைரஸ் எனப் பெயர்பெற்ற நுண்மத்தைக் கண்டனர். அக்குழுவைச் சேர்ந்த இயன் ஹோம்ஸும் வேலூர் ஆய்வாளர்களும் 1974-இல் 'லான்செட்' இதழில் இதுபற்றிக் கூட்டாக எழுதினர். அடுத்த ஆண்டு மின்னி மாத்தன் உள்ளிட்டோர் மனித மலத்தில் கொரோனா வைரஸை ஒத்த துகள்களைக் கண்டதாக அறிவித்தனர். அவை நலமானவர்களிடமும் காணப்பட்டதால் நோய்க்குக் காரணம் என்று கூற இயலவில்லை.

ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் ஸ்ப்ரூவைக் குணப்படுத்தப் பயன்பட்டன. நோய் பெரிதும் குறைந்துவிட்டது, ஆனால் அதன் மூலகாரணம் இறுதியாக நிறுவப்படவில்லை.

ரோட்டா வைரஸ் ஆய்வோ தடுப்பூசி வரை சென்றது. 2005 இறுதி முதல் 2007 வரை நாட்டின் பல மருத்துவமனைகளில் நடந்த கண்காணிப்பில் ககன்தீப் காங் தலைமையிலான வேலூர் ஆய்வகம் முதன்மைப் பங்கு வகித்தது. வயிற்றுப்போக்கால் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினரிடம் இவ்வைரஸ் காணப்பட்டது. உள்நாட்டிலேயே உருவான ரோட்டாவாக் தடுப்பு மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை நடந்த மூன்று இடங்களில் தில்லி, புனேயுடன் வேலூரும் ஒன்று. 2016-இல் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து தேசிய தடுப்பூசித் திட்டத்தில் முதலில் நான்கு மாநிலங்களிலும், 2017-இல் தமிழ்நாட்டிலும் சேர்க்கப்பட்டது.