ஆலோசனை மன்றமும் அங்கவீனமுற்றோர் உரிமையும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நலன்புரி அரசின் வரலாற்றை எழுதுவோர் சட்டங்களைப் பற்றியும் அவற்றுக்கு ஒப்பமிட்ட தலைவர்களைப் பற்றியுமே விரிவாகப் பேசுவர். சட்டத்துக்கு முன்னர் ஓர் அறிக்கை இருந்ததும், அவ்வறிக்கைக்கு முன்னர் அதிகாரம் எதுவுமற்ற ஒரு மன்றம் மக்களின் முறைப்பாடுகளைக் கேட்டுத் திரிந்ததும் பெரும்பாலும் அடிக்குறிப்புகளில் அடங்கிவிடுகின்றன. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆலோசனை மன்றம் என்றதும் எமது மனக்கண்முன் தோன்றுவது, ஆண்டில் சில தடவை கூடித் தேநீர் அருந்தி, முன்கூட்டியே எழுதப்பட்ட தீர்மானங்களுக்குக் கையுயர்த்திக் கலையும் ஒரு சபையே. அரசாங்கம் செய்ய விரும்பாத ஒன்றைத் தள்ளிப்போடுவதற்கு ஆலோசனைக் குழு அமைப்பதைப் போன்ற இலகுவான வழி வேறில்லை.

இப்பொது விதிக்குப் பெரிதும் மாறாக நடந்த ஒரு மன்றத்தின் வரலாற்றை இக்கட்டுரையில் நோக்குவோம். 1978ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் நிறுவப்பட்ட அங்கவீனமுற்றோருக்கான தேசிய மன்றமே அது. எமது நாட்டிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் இத்தகைய தேசிய மன்றம் ஒன்று நிறுவப்பட்டமையால் இவ்வரலாறு எமக்கு முற்றிலும் அயலானதன்று. அமெரிக்க மன்றத்தின் முதற்பெயரில் இருந்த ஆங்கிலச் சொல் இழிவு தருவதெனக் கருதப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டது. தமிழில் நாம் வழங்கும் சொற்களும் மாறிக்கொண்டே வருகின்றன. இங்கு, இலங்கையின் அரச ஆவணங்களில் பயின்றுவந்த ‘அங்கவீனமுற்றோர்’ என்னும் சொல்லையே கையாளுகின்றோம்.

மன்றம் தோன்றிய சூழலை முதலில் அறிதல் வேண்டும். 1973ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டம், சனாதிபதி நிக்சன் முந்திய இரு வடிவங்களையும் நிராகரித்த பின்னரே நிறைவேறியது. தொழிற் பயிற்சிக்கும் புனர்வாழ்வுச் சேவைக்கும் நிதி வழங்குவதே அதன் பிரதான நோக்கம். ஆயினும் அதன் 504ஆம் பிரிவில், மத்திய அரசின் நிதியுதவி பெறும் எந்தத் திட்டத்திலிருந்தும் அங்கவீனம் காரணமாக ஒருவரை விலக்குதல் ஆகாது என ஒரு வாக்கியம் புகுந்துவிட்டது. அதனை நடைமுறைப்படுத்தும் விதிகளை வெளியிடாமல் நிர்வாகம் நான்கு ஆண்டுகளைக் கடத்தியது. 1977 ஏப்பிரலில் சான்பிரான்சிஸ்கோ நகரிலுள்ள மத்திய அரசின் கட்டடத்துக்குள் அங்கவீனமுற்றோர் புகுந்து மூன்று வாரங்களுக்கும் மேலாக அங்கேயே தங்கியிருந்தனர். அம்மாதம் 28ஆம் திகதி விதிகள் ஒப்பமிடப்பட்டன. மறு ஆண்டு, புனர்வாழ்வுச் சட்டத்துக்கான திருத்தத்தின் மூலம் தேசிய மன்றம் உருவாயிற்று.

தொடக்கத்தில் அது ஒரு சாதாரண மன்றமே. உறுப்பினர் பதினைவர், அனைவரும் சனாதிபதியால் நியமிக்கப்படுவோர். ஒரு திணைக்களத்தின் நிழலில் இருந்துகொண்டு அத்திணைக்களத்துக்கே ஆலோசனை கூறுவது அதன் பணி. 1981இல் பதவியேற்ற சனாதிபதி றேகன், முந்திய சனாதிபதி காட்டர் நியமித்தவர்களை நீக்கிவிட்டுத் தம்மவர்களை நியமித்தார். அரச செலவினத்தைக் குறைப்பதையும் வணிகத்தின் மீதான சட்டக் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதையும் கொள்கையாகக் கொண்ட ஆட்சி அது. அதன் நியமனம் பெற்றோரிடமிருந்து புதியதோர் உரிமைச் சட்டத்துக்கான கோரிக்கை எழுமென அன்று எவரும் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

அப்புதிய மன்றத்தின் உபதலைவராக வந்தவர் ஜஸ்டின் டார்ட். அவருடைய தந்தையார் பெருவணிகர். றேகனின் நெருங்கிய நண்பர்களுள் ஒருவர். மகனோ 1948இல் போலியோ நோயினால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். யப்பானில் வணிகம் நடத்தியபோது அங்கவீனமுற்றோரைத் தமது நிறுவனத்தில் வேலைக்கமர்த்தியவர். 1960களில் சைகோன் நகருக்குச் சென்றிருந்த சமயம், போலியோவால் பாதிக்கப்பட்ட சிறுவர்கள் கவனிப்பாரின்றிக் கிடந்த ஓர் இல்லத்தைக் கண்டதே தமது வாழ்வைத் திசை திருப்பியதெனப் பின்னாளில் அவர் கூறிவந்தார். மன்றத்துக்கு வந்தபின் அவர் செய்த காரியம் எளிமையானது: தம் மனைவி யொஷிக்கோவுடன் சொந்தச் செலவில் ஐம்பது மாநிலங்களுக்கும் சென்று, அங்கவீனமுற்றோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் சந்தித்து, தேசியக் கொள்கை எவ்வாறு அமைதல் வேண்டுமென வினவினார். அவ்வாறு திரட்டிய கருத்துகளின் அடிப்படையில் 1983இல் மன்றம் ஒரு தேசியக் கொள்கைக் கூற்றினை வெளியிட்டது. உதவித் தொகை போதாது என்னும் குறையைக் காட்டிலும், விலக்கி வைக்கப்படுகின்றோம் என்னும் முறைப்பாடே இச்சந்திப்புகளில் மேலோங்கி நின்றது. இது மன்றத்தின் பின்னைய போக்கை நிர்ணயித்ததென்பது எமது கருத்து.

1984இல் நிகழ்ந்த மாற்றம் வெளித்தோற்றத்தில் சிறியது, விளைவிற் பெரியது. அவ்வாண்டின் திருத்தச் சட்டம் மன்றத்தைக் கல்வித் திணைக்களத்திலிருந்து பிரித்துச் சுயாதீன நிறுவனமாக்கியது. ஒரு திணைக்களத்தின் கட்டடத்தில் இருந்து, அதன் பணத்தைப் பெற்று, அதன் திட்டங்களையே குறைகூறும் மன்றத்தைக் காண்பது அரிது. அதே சட்டம், அங்கவீனமுற்றோர் தொடர்பான மத்திய அரசின் திட்டங்களை மீளாய்வு செய்து, அவை தங்கிவாழ்தலை ஊக்குவிக்கின்றனவா அன்றிச் சுயாதீன வாழ்வை ஊக்குவிக்கின்றனவா என 1986 பெப்ரவரி முதலாந் திகதிக்குள் அறிக்கை சமர்ப்பிக்குமாறும் பணித்தது. இவ்வினாவில் சிக்கனத்தின் வாடை வீசுவதை மறுக்க இயலாது.

அப்போது மன்றத்தின் தலைவியாக இருந்தவர், அங்கவீனமுற்ற பிள்ளைகளின் தாயாரான சன்ட்ரா பரினோ. நிறைவேற்றுப் பணிப்பாளர் லெக்ஸ் பிரீடன், மோட்டார் விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். அங்கவீனத்தைக் காரணங்காட்டி ஒரு பல்கலைக்கழகம் அவருக்கு அனுமதி மறுத்திருந்தது. சட்ட ஆய்வுக்குப் பொறுப்பான றொபேட் பேக்டோவ், சிறுவயதில் போலியோ கண்டவர். ‘சுயாதீனத்தை நோக்கி’ என்னும் தலைப்பில் அவர்கள் வெளிக்கொணர்ந்த அறிக்கை பத்துத் துறைகளில் 45 விதப்புரைகளைக் கொண்டது. மத்திய அரசு அன்று ஆண்டுதோறும் அங்கவீனம் தொடர்பாக 60 பில்லியன் டொலருக்கும் மேல் செலவிட்டது. அதில் பெரும்பகுதி வாழ்க்கைச் செலவுக்கான கொடுப்பனவாகச் செல்கின்றதேயன்றி, மக்களை அக்கொடுப்பனவை நாடச் செய்யும் தடைகளை நீக்கப் பயன்படுவதில்லை என்பது அதன் வாதம். உடற்குறையினும் பெரிய தடை சமூகம் எழுப்பிய தடையே என அறிக்கை கருதியது. ஆகவே அதன் முதலாவது விதப்புரை, அங்கவீனமுற்றோருக்குச் சமவாய்ப்பளிக்கும் முழுமையான சட்டமொன்றை இயற்றுதல் வேண்டும் என்பதாகும். மன்றத்தின் ஒத்துழைப்போடு ஹரிஸ் நிறுவனம் நடத்தி 1986இல் வெளிவந்த கருத்துக் கணிப்பு இவ்வாதத்துக்கு வலுவூட்டியது. வேலை செய்யும் வயதினரான அங்கவீனமுற்றோருள் ஏறத்தாழ மூன்றிலிரு பங்கினர் வேலையின்றியிருந்தனர். அவ்வாறிருந்தோருள்ளும் மூன்றிலிரு பங்கினர் வேலை செய்ய விரும்பினர்.

அரசாங்கம் கேட்டது தனது திட்டங்களைப் பற்றி; மன்றம் விடையளித்தது நாட்டின் நீதியைப் பற்றி. ஆயினும் விடை கேட்டவரின் மொழியிலேயே அமைந்திருந்தது. தங்கிவாழ்தலைக் குறைப்பதே உமது நோக்கமாயின் பாரபட்சத்தை ஒழிப்பீராக என்னும் வாதத்தைச் சிக்கனத்தை விரும்பிய ஆட்சியால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. இது தந்திரமா, மெய்யான நம்பிக்கையா? உறுப்பினர் பலர் ஆளுங்கட்சியின் ஆதரவாளர்கள் என்பதை நோக்குமிடத்து, நம்பிக்கையென்றே கொள்ளலாம்.

அறிக்கையைச் சனாதிபதியிடம் நேரிற் கையளிக்கவிருந்த வேளையிலேயே, 1986 ஜனவரி 28ஆம் திகதி, சலெஞ்சர் விண்ணோடம் வானில் வெடித்துச் சிதறியது. சந்திப்பு இடம்பெறவில்லை. மன்றத்தினரைச் சந்தித்து அறிக்கையைப் பெற்றுக்கொண்டவர் உபசனாதிபதி ஜோர்ஜ் புஷ். நான்கு ஆண்டுகளின் பின் சட்டத்துக்கு ஒப்பமிடவிருந்தவரும் அவரே.

பெருஞ் சட்டத்தின் ஒளியில் மறைந்துபோன ஒரு சிறு விதப்புரையை இங்கு சற்று விரித்து நோக்குதல் தகும். வறிய அங்கவீனமுற்றோருக்கு மத்திய அரசு மாதக் கொடுப்பனவு வழங்கியது. அதனுடன் பெரும்பாலும் இலவச மருத்துவக் காப்புறுதியும் சேர்ந்து வந்தது. ஒருவர் வேலைக்குச் சென்று குறித்த எல்லைக்கு மேல் உழைத்தால், கொடுப்பனவோடு மருத்துவக் காப்புறுதியையும் இழக்க நேரிடும். தனியார் காப்புறுதி நிறுவனங்களோ இத்தகையோரை ஏற்கத் தயங்கின. ஆகவே மாதந்தோறும் மருந்தும் சிகிச்சையும் வேண்டிய ஒருவர் வேலையை ஏற்பதென்பது உயிரைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாகும். இவர்களைச் சோம்பேறிகள் என்றவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களல்லர். 1980இல் ஒரு திருத்தம் இத்தடையைப் பரீட்சார்த்தமாகவும் தற்காலிகமாகவும் தளர்த்தியிருந்தது. அதனை நிரந்தரமாக்குமாறு மன்றம் விதந்துரைத்தது. 1986இலேயே கொங்கிரஸ் அவ்வாறு சட்டமியற்றியது. தேசிய உதவித் திட்டமொன்றின் உள்ளமைப்பை ஆலோசனை மன்றத்தின் சொல் மாற்ற உதவியமைக்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. 1988இல் வீடமைப்பு உரிமைச் சட்டம் அங்கவீனமுற்றோருக்கும் விரிக்கப்பட்டமை மற்றொன்று.

முதலாவது விதப்புரை நீண்ட பாதையைக் கடந்தது. எவரும் சட்டமூலம் வரைய முன்வராத நிலையில், மன்றம் பேக்டோவைக் கொண்டு தானே ஒன்றை வரைந்து, 1988 ஜனவரியில் தனது அடுத்த அறிக்கையில் வெளியிட்டது. அவ்வாண்டு ஏப்பிரலில் அதனைச் செனற் சபையில் லோவல் வைக்கரும் பிரதிநிதிகள் சபையில் ரோனி கொயெல்யோவும் சமர்ப்பித்தனர். முன்னவர் மனவளர்ச்சி குன்றிய மகனின் தந்தை. பின்னவர் தாமே வலிப்பு நோயாளி. நிறுவனத்தின் இருப்புக்கே ஆபத்து வந்தாலொழியத் தடைகளை நீக்கியே தீரவேண்டுமென அம்மூலம் கடுமையாக விதித்தது. அக்கொங்கிரசில் அது நிறைவேறவில்லை.

இதற்கிடையில் டார்ட் பதவியிழந்திருந்தார். மன்றத்தை விட்டு 1986இல் புனர்வாழ்வுச் சேவைகளின் ஆணையாளராகச் சென்ற அவர், மறு ஆண்டு கொங்கிரஸ் குழுவின் முன் தமது நிர்வாகத்தையே கண்டித்துச் சாட்சியமளித்தமையால் விலக நேர்ந்தது. மன்றத்தில் இருந்தபோது பேச முடிந்ததை ஆணையாளர் பதவியில் இருந்து பேச முடியவில்லை என்பது நோக்கற்பாலது. 1988இல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் மேஜர் ஓவன்ஸ் அவரை ஒரு செயலணியின் தலைவராக்கினார். மீண்டும் அதே பயணம்: எல்லா மாநிலங்களிலுமாக 63 பொதுக் கூட்டங்கள், தாம் அனுபவித்த பாரபட்சங்களை மக்கள் எழுதியளித்த ஆயிரக்கணக்கான ஏடுகள்.

1989இல் செனற்றர் ரொம் ஹாக்கின் சமர்ப்பித்த புதிய மூலம் முன்னையதினும் மென்மையானது. தொழில் தருநர் மீது மிதமிஞ்சிய சுமை ஏறாதவாறு வரம்பு இடப்பட்டது. பழைய வணிகக் கட்டடங்களில் எளிதில் நீக்கக்கூடிய தடைகளை மட்டும் நீக்கினால் போதுமெனக் கொள்ளப்பட்டது. 1990 மார்ச்சில், காலதாமதத்தைக் கண்டித்து அங்கவீனமுற்றோர் பலர் தம் சக்கர நாற்காலிகளை விட்டிறங்கிக் கொங்கிரஸ் மாளிகையின் படிகளில் ஊர்ந்து ஏறினர். ஜூலை 26ஆம் திகதி சட்டம் ஒப்பமிடப்பட்டது. மேடையில் டார்ட்டும் பரினோவும் சனாதிபதியின் அருகில் இருந்தனர். இவ்வெற்றியை வீதிப் போராட்டத்துக்கே உரியதாக்குவோர் உளர். ஊர்ந்து ஏறியோரின்றி வாக்குகள் அத்துணை விரைவில் விழுந்திரா என்பது மெய்யே. ஆயினும் அவர்கள் கோரிய சட்டத்துக்குப் பெயரும் முதல் வரைவும் மன்றத்திலிருந்தே வந்தன. 1999இலும் 2002இலும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் அச்சட்டத்தின் பொருளைக் குறுக்கியபோது, திருத்தச் சட்டமூலமொன்றை 2004இல் முதலில் வரைந்து காட்டியதும் அம்மன்றமே. 2008இல் திருத்தம் நிறைவேறியது.

இனி, நிறைவேறாதவை. சுதந்திர வாழ்வுக்கு உதவியாளர், பார்வையற்றோருக்கு வாசிப்போர், செவிப்புலனற்றோருக்குச் சைகை மொழிபெயர்ப்போர் ஆகியோரை வழங்கும் தேசியத் திட்டம் வேண்டுமென அறிக்கை தனியொரு பகுதியில் வற்புறுத்தியிருந்தது. காலையில் படுக்கையிலிருந்து எழுப்பி உடுத்திவிட ஒருவர் இல்லாதவருக்குக் காரியாலய வாயிலில் அமைந்த சாய்தளத்தால் என்ன பயன்? ஆயினும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தகைய திட்டத்துக்கு நிதி ஏதும் இல்லை. உரிமைச் சட்டத்தின் செலவு பெரும்பாலும் தொழில் தருநர் மீதும் மாநிலங்கள் மீதும் நகரங்கள் மீதும் விழுந்தது. உதவியாளர் திட்டத்தின் செலவோ மத்திய திறைசேரியையே சாரும். மன்றத்தின் வெற்றி தோல்விகளுக்கிடையிலான கோடு இவ்விடத்திலேயே பெரிதும் விழுந்ததென நாம் கருதுகின்றோம்.

பொதுப் போக்குவரத்துக்காகப் போராடி, படிகளில் ஊர்ந்தவர்களுள் முன்னணியில் நின்ற ‘அடப்ட்’ இயக்கம் இதனை அன்றே உணர்ந்திருந்தது. சட்டம் நிறைவேறிய பின் அது தன் சுருக்கப் பெயரை வைத்துக்கொண்டு, விரிவை மட்டும் மாற்றியது: போக்குவரத்து என்று இருந்த இடத்தில் உதவியாளர் திட்டம் என்று எழுதிக்கொண்டது. காரணமின்றி ஒருவரைப் பராமரிப்பு இல்லத்தில் அடைத்து வைத்தல் பாரபட்சமேயென 1999இல் உயர் நீதிமன்றம் ஜோர்ஜியா மாநிலத்துப் பெண்கள் இருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. எனினும் மாநிலத்தின் நிதி வளத்தையும் கருத்திற் கொள்ளலாம் என்றது. வறியோருக்கான மருத்துவ உதவித் திட்டத்தின் கீழ் முதியோருக்கும் அங்கவீனமுற்றோருக்கும் பராமரிப்பு இல்லத்தில் இடமளிப்பது மாநிலங்களின் கடமையாகவும், வீட்டிலேயே உதவியாளரை வழங்கும் சேவைகளிற் பெரும்பாலானவை மாநிலங்களின் விருப்பத்துக்கு உட்பட்டனவாகவும், 1986இல் மன்றம் கண்டவாறே இருந்து வருகின்றன.