கெர்னலுக்குள் ஓர் ஊர்
(கணினிக்குள் காலம் – 14)

இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு நாளும் தெரியாது, மாதமும் தெரியாது என்று சென்ற வாரம் பார்த்தோம். கிரீன்விச் நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவு தொடங்கி எத்தனை நொடிகள் கழிந்தன என்ற கணக்கு மட்டுமே அதனிடம் உண்டு. ஆனால், ஆரம்ப கால யூனிக்ஸ் அந்தக் கணக்கோடு நிற்கவில்லை.

1979-ல் பெல் ஆய்வகம் வெளியிட்ட ஏழாம் பதிப்பின் கெர்னலில் 5*60 என்று ஒரு வரி இருக்கிறது. கிரீன்விச்சுக்கு மேற்கே 300 நிமிடம். ஆய்வகம் இருந்த நியூஜெர்சியின் நேரம் அது. வேறு நேர மண்டலத்தில் இருந்தவர்கள் அந்த எண்ணை மாற்றி, கெர்னலை மறுபடியும் கம்பைல் செய்ய வேண்டியிருந்தது.

கோடைகால நேரம் இன்னும் பெரிய தலைவலி. எண்ணெய் நெருக்கடியால் அமெரிக்கா 1974-ல் நடுக்குளிர்காலத்திலேயே, ஜனவரி 6 அன்று, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில். இந்த இரண்டு ஆண்டுகளுக்காகவே யூனிக்ஸின் சி நூலகத்தில் தனி அட்டவணை ஒன்று எழுதினார்கள். சட்டம் மாறினால் நிரலும் மாற வேண்டும் என்ற நிலை.

1983-ல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை உலகத்தைச் சில வகைகளாகப் பிரித்தது: அமெரிக்க முறை, ஆஸ்திரேலிய முறை, ஐரோப்பிய முறைகள். எந்த முறை என்பதற்கான எண்ணும் கெர்னலிலேயே இருந்தது. அரசாங்கங்கள் அந்த வகைகளுக்குள் அடங்கவில்லை.

1980-களின் நடுவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற நிரலாளர் இந்தச் சுமையைக் கெர்னலிடமிருந்து இறக்கிவைத்தார். ஒவ்வோர் ஊரின் நேர வரலாறும் சாதாரணக் கோப்புகளுக்குப் போனது. சட்டம் மாறினால் கோப்பை மாற்றினால் போதும். ஒரே கணினியில் இருவர் இரண்டு ஊர்களின் நேரத்தைப் பார்க்கவும் முடிந்தது.

அதன் அருமையை இலங்கையில் பாருங்கள். கிரீன்விச்சைவிட 5.30 மணி நேரம் முன்னே இருந்த அந்நாடு 1996 மே மாதம் 6.30-க்குத் தாவியது, அக்டோபரில் 6.00-க்கு இறங்கியது, 2006 ஏப்ரலில் மறுபடி 5.30-க்கே திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே பின்பற்றின. ஒரே தீவில், ஒரே நொடியில், இரண்டு மணி! கெர்னலில் பதித்த ஒற்றை எண்ணால் இதை எப்படிச் சொல்ல முடியும்? கழியும் நொடிகளை இயந்திரம் எண்ணலாம். மணி என்ன என்பதை மக்களும் அவர்களை ஆள்பவர்களும்தான் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவை எளிதில் திருத்தக்கூடிய இடத்தில் வைத்ததுதான் ஓல்சனின் பெரும் பங்களிப்பு.

ஆனாலும் லினக்ஸ் கெர்னலுக்குள் இன்றும் நேர மண்டலத்துக்கென்று ஒரு சிறிய இடம் மிச்சமிருக்கிறது. கிரீன்விச் நேரத்தை விட்டுவிட்டு உள்ளூர் நேரத்தில் ஓடும் பிசியின் பேட்டரிக் கடிகாரம் அதற்கு ஒரு காரணம். டாஸும் விண்டோஸும் பழக்கிவிட்ட அந்தக் கடிகாரத்தின் கதை...

(அடுத்த வாரம்)