ஏர் எடுத்தல்

காரின் கூலன்ட் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலைக்கு ஒர்க்‌ஷாப்பில் வழங்கும் பெயர் ஏர் எடுத்தல். கூலன்ட் மாற்றும்போதும், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் போன்றவற்றைக் கழற்றி மாட்டும்போதும் காற்று உள்ளே புகுந்து, சிலிண்டர் ஹெட், ஹீட்டர் கோர் போன்ற மேடான இடங்களில் தங்கிவிடும். அது நிற்கும் இடத்தில் உலோகத்தின் சூட்டை வாங்கிச் செல்ல ஆளில்லை. டெம்பரேச்சர் சென்சாரின் முனை காற்றில் நின்றால், என்ஜின் கொதித்தாலும் முள் ஏறாமல் ஏமாற்றும். இப்படிக் காற்று அடைத்து நிற்பதைத்தான் ஏர் லாக் என்பார்கள். அதில் மிகவும் அஞ்ச வேண்டியது முள்ளின் இந்த ஏமாற்றுதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, மேலுமலை, சூளகிரி வழியாகச் சுமார் 400 மீட்டர் உயர்கிறது. சமதளத்தில் அடங்கிக் கிடந்த கோளாறு, ஏசி போட்டு ஆள் நிறைய ஏற்றிச் செல்லும் இத்தகைய ஏற்றத்தில் வெளிப்படும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் கொதிப்பதில்லை. சூடான மூடியைத் திறந்தால் கூலன்ட் முகத்தில் பீய்ச்சி அடிப்பதற்கும் அதே அழுத்தமே காரணம்.

ஏர் எடுக்க, என்ஜின் நன்றாக ஆறியபின், காரின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலன்டை மெல்ல ஊற்ற வேண்டும். பிளீடர் திருகு இருந்தால் குமிழியில்லாமல் ஒழுகும்வரை தளர்த்தி வைத்து, பிறகு இறுக்கலாம். அடுத்து, மூடி போடாமல் ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிக் கொடுப்பார்கள். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அப்போது குமிழிகள் பொங்கி, மட்டம் சட்டென இறங்கும். குறைந்ததை நிரப்பி, விசிறி ஓரிரு முறை சுற்றி நின்றபின் மூடலாம். மறுநாள் காலை ஆறிய நிலையில் மட்டத்தை மறுபடி பார்ப்பது அவசியம். அழுத்தமுள்ள எக்ஸ்பான்ஷன் டேங்க் கொண்ட பல கார்களில் காற்று தானாகவே அதற்குப் போய்ச் சேரும். மின் பம்ப் உள்ளவற்றுக்கு ஸ்கேனர் தேவைப்படலாம்.

ஹீட்டரே நல்ல சோதனைக் கருவியும்கூட. என்ஜின் சூடாக இருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், ஏர் லாக்கையோ கூலன்ட் குறைவையோ சந்தேகிக்கலாம். நம் பக்கத்தில் பலர் மார்கழிப் பனியில் தவிர அதைத் தொடுவதே இல்லை.

போர் தண்ணீரை ஊற்றி நிரப்புவது கெட்ட பழக்கம். கடின நீரின் உப்பு, ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்து அடைக்கும். வாலை வடிநீரில் கலந்த கூலன்டே ஏற்றது.

எத்தனை முறை ஏர் எடுத்தாலும் குமிழி ஓயாவிட்டால், அது வெளியிலிருந்து புகுந்த காற்றாக இராது. ஹெட் கேஸ்கெட் வழியே சிலிண்டரிலிருந்து கசியும் எரிந்த வாயுவாக இருக்கலாம். ரேடியேட்டர் வாயில் வைக்கும் சோதனைக் குழாயின் நீலத் திரவம் மஞ்சளானால், ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.