பரிசும் பிரதேச நாவலும்: சாகித்திய அக்காதெமி விருதுகள் பற்றிய ஒரு நோக்கு

இலக்கியப் பரிசுகளின் வரலாற்றையே இலக்கிய வரலாறாகக் கொள்ளும் போக்கு நம்மிடையே உண்டு. தமிழ்நாட்டில் வட்டார நாவல் என வழங்கும் பிரதேச நாவலைப் பொறுத்தவரை, இப்போக்கு தவறான முடிவுகளுக்கே இட்டுச்செல்லும். இந்தியாவில் 1954இல் நிறுவப்பெற்ற சாகித்திய அக்காதெமியின் தமிழ் விருதுகளை நாம் இங்கு சான்றாகக் கொள்வோம்.

கொங்குநாட்டு உழவர் வாழ்வை அப்பகுதிப் பேச்சுவழக்கோடு சித்திரித்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்தது. 1977இல் அவர் மறையும்வரை இவ்விருது அவருக்குக் கிட்டவில்லை. நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968இல் வெளிவந்தது. அவர் விருது பெற்றதோ 2007இல், அதுவும் வேறொரு நாவலுக்காக. கரிசல் நிலத்து ஒடுக்கப்பட்டோரை மையப்படுத்திய பூமணியின் 'பிறகு' 1979இல் வந்தது. 'அஞ்ஞாடி'க்காக அவர் விருது பெற்றது 2014இல். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976இல் வெளியாக, விருது 1991இல் 'கோபல்லபுரத்து மக்கள்' என்னும் அதன் தொடர்ச்சிக்கே சென்றது.

இத்தாமதத்திற்கு விதிமுறையும் ஒரு காரணமாகும். விருதாண்டுக்கு முற்பட்ட குறிப்பிட்ட சில ஆண்டுகளில் முதன்முறையாக வெளிவந்த நூல்களே கவனத்திற்கு எடுக்கப்படும். அக்காலத்துள் இனங்காணப்படாத முன்னோடிப் படைப்பு பின்னர் தகுதி பெற இயலாது. ஆசிரியரின் பிந்திய நூலொன்றே அவரது பழைய சாதனைக்கும் சேர்த்து மதிக்கப்படுகின்றது.

எனினும் விதிமுறை மட்டுமே முழு விளக்கமாகாது. விருது பெற்ற பிரதேச நாவல்களின் பொருளையும் நாம் நோக்குதல் வேண்டும். 'கோபல்லபுரத்து மக்கள்' விடுதலை இயக்கக் காலத்தைக் கூறுகின்றது. 2011இல் விருது பெற்ற சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' மதுரையின் பல நூற்றாண்டுகளை விரிக்கின்றது. 2012இல் விருது பெற்ற டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர் சங்கமாகத் திரண்ட முற்காலத்தைச் சித்திரிக்கின்றது. 'அஞ்ஞாடி'யும் கடந்தகாலப் பெரும்பரப்பையே களமாகக் கொண்டது. 'நாகம்மாள்', 'பிறகு' ஆகியனவோ தத்தம் காலத்தின் நில உறவையும் சாதி உறவையும் நேர்முகமாக எதிர்கொண்டவை. சமகால முரண்பாடாக நின்றபோது எட்டாத அங்கீகாரம், பிரதேசம் வரலாறாக மாறிய பின்னரே பெரிதும் கிட்டியது எனலாம்.

ஈழத்து வாசகருக்கு இது அந்நியமான செய்தியன்று. மண்வாசனை பற்றியும், உழைக்கும் மக்களின் பேச்சுமொழியை 'இழிசனர் வழக்கு' எனப் பழித்தமை பற்றியும் 1960களில் இங்கு நிகழ்ந்த விவாதங்களை நாம் அறிவோம். எவரது மொழி இலக்கியமாகும் என்பதே இரு கரையிலும் அடிப்படை வினாவாக இருந்தது.

ஆகவே, பரிசுப் பட்டியல் பிரதேச நாவலின் வளர்ச்சியைக் காட்டும் ஆவணமன்று. அதனை நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட காலத்தையும் எல்லையையும் காட்டும் ஆவணமாகும். பட்டியலில் இடம்பெறாத நூல்களை அவை தோன்றிய காலத்திலும் சமூகச் சூழலிலும் வைத்து ஆராய்வதே இலக்கிய வரலாற்றாசிரியனின் முதற் கடமையாகும்.